அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாமா?

கேள்வி: 2019 ஜூன் மாதத்திலிருந்து திருச்சியில் ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறோம். வந்தபோது வாடகை 7,500 ரூபாய், அட்வான்ஸ் 75,000. இப்போது வாடகை 9,500. வந்த புதிதில் 20 ரூபாய்ப் பத்திரத்தில் 11 மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதினோம். அதன்பிறகு புதுப்பிக்கவில்லை. கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மா உயிரோடு இருந்தவரை ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. போன வருடம் அவர் இறந்துவிட்டார். அவருடைய ஒரே மகன் வீட்டை விற்கப் போவதாகச் சொல்லி, 15 நாளில் காலி செய்யச் சொல்கிறார். பெயின்ட் அடிப்பதற்காக இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வாராம். நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், ஒன்பதாவது படிக்கும் என் மகள் தனியாக இருந்தபோது புரோக்கரோடு உள்ளே வந்து எல்லா அறைகளையும் காட்டியிருக்கிறார். சென்ற வாரம் இரண்டு நாள் மோட்டார் போடவில்லை. சுவிட்ச் கீழ்வீட்டுக்குள் இருக்கிறது. என் கொழுந்தனார், "இனி வாடகையே கொடுக்காதீர்கள் அண்ணி, அட்வான்ஸில் கழியட்டும். பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டால் வீட்டிலேயே உரிமை வந்துவிடும்" என்கிறார். சின்னவன் படுக்கையறைச் சுவரில் கிரயானால் கிறுக்கி வைத்திருக்கிறான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாங்கள் என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கொழுந்தனார் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் சொன்ன இரண்டும் தவறு. அதில் முதலாவது உங்களைத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தக்கூடியது.

வாடகையை நிறுத்தாதீர்கள். இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம். இன்றைய நிலையில் அந்த மகனின் கையில் உங்களுக்கு எதிராக வலுவான குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஆறு வருடத்துக்கு மேலாக ஒழுங்காக வாடகை கொடுத்துவரும் குடும்பத்தை 15 நாளில் போகச் சொல்கிறார், மோட்டாரை நிறுத்துகிறார், சொல்லாமல் உள்ளே வருகிறார். தவறு முழுவதும் அவர் பக்கம் இருக்கிறது. நீங்கள் வாடகையை நிறுத்திய நாளிலிருந்து 'வாடகை பாக்கி' என்ற காரணத்தை நீங்களே எழுதி அவர் கையில் கொடுத்தது போலாகும். குடியிருப்பவரை வெளியேற்றக் கேட்பதற்குச் சட்டத்தில் உள்ள காரணங்களில் மிக எளிதாக நிரூபிக்க முடிவது அதுதான். "அட்வான்ஸ்தான் அவரிடம் இருக்கிறதே" என்பீர்கள். அட்வான்ஸ் வேறு, வாடகை வேறு. வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதித்தால் ஒழிய, அதில் கழித்துக்கொள்கிறேன் என்று நீங்களாக முடிவெடுக்க முடியாது.

பன்னிரண்டு வருடக் கதை எங்கிருந்து வருகிறது என்றால், 1963-ஆம் வருடத்துக் காலவரையறைச் சட்டத்தில் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது. அடுத்தவர் சொத்தை, அவருடைய உரிமையை மறுத்து, எல்லோருக்கும் தெரியும்படி, இடைவெளியில்லாமல் பன்னிரண்டு வருடம் அனுபவித்துவருபவருக்கானது அது. எதிரிடை அனுபவம் என்பார்கள். நீங்களோ மாதந்தோறும் வாடகை கொடுக்கிறீர்கள். ஒவ்வொரு முறை கொடுக்கும்போதும் 'வீடு உங்களுடையது' என்று ஒப்புக்கொள்கிறீர்கள். ஐம்பது வருடம் குடியிருந்தாலும் வாடகைதாரர் வாடகைதாரர்தான். இந்தக் கதையை நம்பி வழக்கு நடத்திக் கடனாளியானவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதே கதைக்குப் பயந்துதான் பல வீட்டுக்காரர்கள் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுகிறார்கள் என்பது இன்னொரு வேடிக்கை.

பதினோரு மாதம் என்று ஏன் எழுதுகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டம். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் பதினொன்று. ஆனால் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல், 2017-ஆம் வருடத்திய நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பழைய 1960-ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. புதிய சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். பதினோரு மாதமானாலும் இதிலிருந்து தப்ப முடியாது. நீங்கள் குடிவந்தது இந்தச் சட்டம் வந்த பிறகு. ஆகவே உங்கள் 20 ரூபாய்ப் பத்திரம், பதிவு இல்லாததால், சாட்சியமாக நிற்கும் வலுவை இழந்த காகிதம்.

இங்கே உங்களிடம் ஒளிக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். காலம் முடிந்த ஒப்பந்தம், புதுப்பிக்கப்படாமலும் காலி செய்யப்படாமலும் இருந்தால், அதே நிபந்தனைகளோடு மாதாமாதம் தொடர்வதாகக் கருதப்படும். ஆனால் அதிகபட்சம் ஆறு மாதத்துக்குத்தான். நீங்கள் அந்த எல்லையைத் தாண்டிப் பல வருடங்கள் ஆகின்றன. எனவே 'நாங்கள் போகமாட்டோம், முடிந்தால் பார்' என்று நிற்கக்கூடிய வழக்கு அல்ல இது. மகன் முறையாக வாடகை நீதிமன்றத்துக்குப் போனால் இறுதியில் நீங்கள் வெளியேற வேண்டியிருக்கலாம். உங்களால் பெறக்கூடியது வீட்டை அல்ல. போதிய கால அவகாசம், அதுவரை தண்ணீரும் நிம்மதியும், பிடித்தமில்லாத அட்வான்ஸ் ஆகிய மூன்றையும்தான். அதற்குச் சட்டம் போதுமான அளவு உங்கள் பக்கம் இருக்கிறது.

அவர் நீதிமன்றம் போக வேண்டும் என்றேன். அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. விற்பதற்கோ, சொந்தத் தேவைக்கோ, எதற்காக இருந்தாலும், உங்கள் சம்மதமில்லாமல் உங்களை வெளியேற்ற வேண்டுமானால் உத்தரவு வேண்டும். பூட்டை மாற்றுவது, சாமானை வெளியே வைப்பது இவையெல்லாம் வீடு அவர் பெயரில் இருந்தாலும் செய்யக்கூடாதவை. அப்படி நடந்தால், குறித்த நிவாரணச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு மீண்டும் குடியேறக் கேட்கலாம். வீடு விற்கப்பட்டால்கூட உங்கள் வாடகை உரிமை அந்த நிமிடமே அறுந்துபோவதில்லை. வாங்குகிறவர் பழைய உரிமையாளரின் இடத்தில் வந்து நிற்கிறார், அவ்வளவுதான். மகன் உங்களை அவசரப்படுத்துவதன் காரணமும் இதில் இருக்கிறது: ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு வாங்குகிறவர் விலையைக் குறைப்பார். பேரம் பேசும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் விஷயத்தில் பொறுமை வேண்டாம். தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, கழிவு அகற்றல் போன்ற இன்றியமையாத சேவைகளை நிறுத்தக்கூடாது என்று சட்டம் நேரடியாகச் சொல்கிறது. நிறுத்தினால் வாடகை ஆணையத்தில் மனுக் கொடுத்து, விசாரணை முடியும் முன்பே, உடனே திரும்பக் கொடுக்கும்படி இடைக்கால உத்தரவு கேட்கலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் வாடகை ஆணையம். உங்கள் பகுதிக்கு யார் என்பதை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அடுத்த முறை தண்ணீர் நின்றால் காலிக் குடத்தைப் படம் எடுப்பதோடு நிறுத்தாமல், "இன்று காலை 6 மணி முதல் தண்ணீர் வரவில்லை, மோட்டார் போடுங்கள்" என்று அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புங்கள். அவர் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் தேதியும் நேரமும் பதிவாகிவிடும்.

மகள் தனியாக இருந்தபோது உள்ளே வந்ததைப் படித்ததும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. குறைந்தது 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவித்துவிட்டு, காரணத்தோடு வர வேண்டும் என்பது விதி. விற்கப்போகும் வீட்டைப் பார்க்கவே விடமாட்டேன் என்று நீங்கள் அடம்பிடிக்கத் தேவையில்லை. "ஞாயிறு காலை பத்து மணிக்கு நானும் கணவரும் இருக்கும்போது வாருங்கள்" என்று எழுதி அனுப்புங்கள். மாற்றுச்சாவி அவரிடம் இருந்தால், உட்புறத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்ள மகளிடம் சொல்லுங்கள். மீண்டும் அப்படி நுழைந்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து மனு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். "இது சிவில் விவகாரம் அம்மா" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். வாடகைத் தகராறு சிவில்தான். பெண் பிள்ளை தனியாக இருக்கும் வீட்டுக்குள் அனுமதியில்லாமல் வருவது அந்தக் கணக்கில் சேராது.

இனி ஒரு கடிதம் எழுதுங்கள். வக்கீல் நோட்டீஸாக இருக்க வேண்டியதில்லை. வெள்ளைத்தாளில் உங்கள் கையெழுத்தில் இருந்தாலே போதும். விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இந்த அளவுக்கு இருந்தால் சரி:

"தங்கள் வீட்டின் மாடிப் பகுதியில் 2019 ஜூன் முதல் குடியிருந்து வருகிறோம். தங்கள் தாயாரிடம் அட்வான்ஸாக 75,000 ரூபாய் கொடுத்திருக்கிறோம். இம்மாத வாடகை 9,500 ரூபாயைத் தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தியிருக்கிறோம். 15 நாளில் காலி செய்யுமாறு தாங்கள் வாய்மொழியாகக் கேட்டது குழந்தைகளின் படிப்பின் காரணமாக இயலாது. பள்ளி ஆண்டு முடிந்ததும் மே மாதம் 31-ஆம் தேதி காலி செய்து, அன்றே சாவியை ஒப்படைத்து அட்வான்ஸைப் பெற்றுக்கொள்ள விரும்புகிறோம். அதுவரை தண்ணீர் தடையின்றிக் கிடைக்க வேண்டுகிறோம்."

கவனித்தீர்களா, அட்வான்ஸ் தொகையையும் குடிவந்த மாதத்தையும் வாடகையையும் அதில் நுழைத்துவிட்டோம். அவர் மறுக்காமல் விட்டாலோ, கோபத்தில் "மே வரைக்கும் எல்லாம் முடியாது" என்று மட்டும் பதில் போட்டாலோ, 75,000 ரூபாயைப் பற்றி உங்களுக்கு ஒரு சான்று கிடைத்துவிடுகிறது. ஆனால் தேதியை யோசித்துப் போடுங்கள். காலி செய்வதாக நீங்கள் எழுதிக் கொடுத்து, அதை நம்பி அவர் வீட்டை விற்க ஒப்பந்தம் போட்டுவிட்டால், அதுவே உங்களை வெளியேற்றக் கேட்க ஒரு காரணமாகிவிடும். மே முடியாது, ஜூன்தான் என்றால் ஜூன் என்றே எழுதுங்கள்.

வீட்டுக்காரம்மாவுக்கு வாடகையைப் பணமாகக் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த நாளைய கணக்கு ஏதாவது இருக்கிறதா என்று பீரோவைத் தேடுங்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு முதியவர் மஞ்சள் பை ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். அத்தனையும் நாள்காட்டியில் கிழித்த தாள்கள். மாதம் ஒன்றாக, பின்பக்கத்தில் தொகையும் வீட்டுக்காரரின் சுருக்கொப்பமும் இருந்தன. பதினான்கு வருடத் தாள்கள்! வாடகையே தரவில்லை என்று சொன்ன எதிர்த்தரப்பு, அந்தப் பையைப் பார்த்த பிறகு சமாதானத்துக்கு வந்தது. உங்களிடம் பை இல்லையென்றால் இனிமேலாவது வங்கி வழியாகவே அனுப்புங்கள். மகன் வாங்க மறுத்தாலும் பாக்கி வைக்காமல் வாடகை ஆணையத்தில் செலுத்த வழி இருக்கிறது.

அட்வான்ஸுக்கு வருகிறேன். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது சட்டம். பத்து மாதம் வாங்கும் வழக்கம் அந்த 'வேறு ஒப்பந்தம்' என்ற இடுக்கில்தான் பிழைத்துக்கொண்டிருக்கிறது. கொடுத்தது கொடுத்ததாகட்டும். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நீங்கள் தர வேண்டியது ஏதாவது இருந்தால் அதை மட்டும் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

பெயின்ட் செலவு நீங்கள் தர வேண்டியதா? சட்டத்தின் இரண்டாவது அட்டவணை வேலைகளைப் பிரித்து வைத்திருக்கிறது. கட்டடத்தின் ஆதாரப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு சன்னலுக்கு வண்ணம் பூசுவது, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் கணக்கு. குழாயின் வாஷர், சுவிட்ச், பூட்டு, உடைந்த கண்ணாடி, அடைத்த சாக்கடை போன்றவை குடியிருப்பவர் கணக்கு. உங்கள் பழைய பத்திரத்தில் பெயின்ட் பற்றி வரி ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். இல்லையென்றால், ஆறு வருடத்தில் தானாக மங்கிய சுவருக்கு 19,000 ரூபாய் பிடிக்க அவருக்கு உரிமை இல்லை. பிடித்தால், என்னென்ன வேலை, எவ்வளவு செலவு என்று பில்லோடு எழுத்தில் கேளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் வாடகை ஆணையம்.

சாவி கொடுக்கும் நாளில் அவரையோ அவர் ஆளையோ கூட வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையையும் கைப்பேசியில் வீடியோ எடுங்கள். மின் மீட்டரில் உள்ள எண்ணையும் எடுங்கள். சாவி பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அன்றே முழுத்தொகையும் கைக்கு வராவிட்டால் எவ்வளவு பாக்கி என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.

சின்னவனின் கிரயான் மட்டும் உங்கள் கணக்குதான். அந்த ஒரு சுவருக்கு நீங்களே ஒரு டப்பா பெயின்ட் வாங்கி, காலி செய்வதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அடித்துவிடுங்கள். அவன் கையிலும் ஒரு பிரஷ் கொடுங்கள்.