தோட்டத்திலிருந்து நேராக வாங்க: கீரையில் தொடங்குங்கள்

கேள்வி: கோவை சரவணம்பட்டியில் குடியிருக்கிறோம். இருவரும் வேலைக்குப் போகிறோம், இரண்டு குழந்தைகள். காய்கறி, அரிசி, எண்ணெய் எல்லாவற்றையும் பக்கத்து ஊர் விவசாயிகளிடமே நேராக வாங்க ஆசை. ஆனால் யாரையும் தெரியாது. எப்படித் தொடங்குவது? ‘இயற்கை விவசாயம்’ என்று சொல்கிறார்களே, அதை எப்படி நம்புவது?

பதில்: நல்ல ஆசை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்றப் பார்க்காதீர்கள். முதல் இரண்டு மாதம் கீரை மட்டும் போதும். கீரை தொலைவுக்குப் போகாது, வாடிவிடும். அதனால் அது பெரும்பாலும் பக்கத்துத் தோட்டத்திலிருந்துதான் வரும். சிறுகீரையும் அரைக்கீரையும் விதைத்து ஒரு மாதத்துக்குள் கைக்கு வந்துவிடும். ஒரு விவசாயியின் பழக்கவழக்கம் உங்களுக்குப் புரிய இதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

ஆளைத் தேட உழவர் சந்தைக்குப் போங்கள். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறந்ததிலிருந்து இன்றுவரை அடிப்படை மாறவில்லை: இடைத்தரகர் இல்லாமல் விளைவித்தவரே விற்க வேண்டும், அன்றைய விலை பலகையில் இருக்கும், விவசாயியிடம் புகைப்பட அட்டை இருக்கும். உங்களுக்குச் சிங்காநல்லூரோ ஆர்.எஸ்.புரமோ எது வசதியோ, ஞாயிறு காலை ஆறரைக்குள் போய்விடுங்கள். எட்டு மணிக்கு மேல் நல்ல கீரையும் இருக்காது, பேச விவசாயிக்கு நேரமும் இருக்காது.

முதல் நாள் வாங்குவதைவிடப் பார்ப்பது முக்கியம். கீரைக்கட்டைத் திருப்பி வேரைப் பாருங்கள். ஈரமண் ஒட்டியிருந்தால் அன்று விடியற்காலையிலோ முந்தின நாள் மாலையிலோ பிடுங்கியது. இலையில் அங்கங்கே சின்ன ஓட்டை இருந்தால் நல்லது. ஒரு ஓட்டைகூட இல்லாமல் மொத்தக் கட்டும் மினுமினுத்தால் என்ன அடித்தீர்கள் என்று கேட்டுவிடலாம். ஒருவர் முன்னால் நாலைந்து வகைக் காய் கொஞ்சம் கொஞ்சமாக இருந்தால் அது தோட்டத்துச் சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம். சமவெளித் தோட்டக்காரர் தன் தோட்டத்துக் கேரட், உருளைக்கிழங்கு என்று நீட்டினால் யோசியுங்கள். அவை பெரும்பாலும் நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக இறங்குபவை.

சரி, நம்பிக்கை விஷயத்துக்கு வருவோம். உழவர் சந்தை என்றால் மருந்து அடிக்காதது என்று அர்த்தமில்லை. இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். பொட்டலத்தில் ‘ஆர்கானிக்’ என்று அச்சிட்டு விற்றால் சான்று கேளுங்கள். தமிழ்நாட்டில் அதற்கென்றே அங்ககச் சான்றளிப்புத் துறை இருக்கிறது. விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் சரிபார்க்கும் பி.ஜி.எஸ். முறையும் இருக்கிறது. ஆனால் அரை ஏக்கரில் கீரை போடுகிறவரிடம் எந்தக் காகிதமும் இருக்காது. அவரிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “பூச்சி வந்தா என்னங்க பண்ணுவீங்க?”

‘நம்ம தோட்டத்துல பூச்சியே வராதுங்க’ என்பவரைவிட, ‘கத்தரிக்குப் போன வாரம் ஒரு தடவை அடிச்சேன், அதை இன்னைக்குப் பறிக்கலீங்க’ என்பவரை நம்பி நான் பல வருடம் வாங்கியிருக்கிறேன். கத்தரியில் சொத்தைப்புழு விழும். காலிஃபிளவரும் வெண்டையும் மருந்து நிறைய வாங்கும் பயிர்கள். முருங்கைக்கீரை, வாழைப்பூ, வாழைத்தண்டு, பூசணி, கருணைக்கிழங்கு இவற்றுக்கு அவ்வளவு தேவைப்படாது. கீரைக்கு அடுத்து இவற்றுக்கு வாருங்கள். கறிவேப்பிலையை மட்டும் வீட்டில் ஒரு தொட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலைந்து வாரம் ஒருவரிடமே வாங்கிய பிறகு தோட்டத்தைப் பார்க்க வரலாமா என்று கேளுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். தக்காளி செடியில் காய்ப்பதைப் பார்த்த குழந்தை தட்டில் ஒதுக்குவது குறையும், என் வீட்டில் நடந்தது இது.

என் அனுபவத்தில் இந்த ஏற்பாடு உடைவது பெரும்பாலும் வாங்குகிறவர்கள் பக்கத்தில்தான். எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு குடும்பம் சேர்ந்து ஒரு விவசாயியிடம் வாராவாரம் காய் வாங்கத் தொடங்கினோம். மூன்றாவது வாரம் ஐந்து பேர் எடுக்கவே வரவில்லை. ஒருவருக்கு விருந்தாளி, ஒருவருக்கு வெளியூர். அவர் பறித்துக் கொண்டுவந்த நாட்டுத் தக்காளி, தோல் மெல்லிசு, இரண்டு கூடை என் வாசலிலேயே கசிந்துகொண்டிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த வாரம் வரவில்லை. அவ்வளவுதான். இன்றும் அதை நினைத்தால் எனக்கு வருத்தம். அதற்குப் பிறகு நாங்கள் மாதப் பணத்தை முதலிலேயே கொடுத்துவிடுகிறோம். காயை நாங்கள் பட்டியல் போடுவதில்லை. “இப்போ காட்டுல என்ன இருக்குதுங்க?” என்று கேட்டு, வருவதைச் சமைக்கிறோம். தை மாதத்தில் முருங்கைக்காய்க்கு ஏங்காமல், பங்குனி சித்திரையில் வாரம் இரண்டு நாள் சாம்பாரில் போட்டுக்கொள்கிறோம்.

எண்ணெய்க்கு ஒரு கணக்கு போதும். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுக்க ஏறக்குறைய இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு ஆட்ட வேண்டும். அன்றைய பருப்பு விலையை இரண்டரையால் பெருக்குங்கள், பிண்ணாக்கு விற்பதைக் கொஞ்சம் கழியுங்கள். ‘மரச்செக்கு’ என்று எழுதியிருந்தும் விலை அதைவிட ரொம்பக் குறைவாக இருந்தால் வாங்க வேண்டாம். முடிந்தால் பருப்பை விவசாயியிடம் வாங்கி, செக்கில் நீங்களே நின்று ஆட்டிக்கொள்ளுங்கள்.

நாட்டுச்சர்க்கரைக்கு ஈரோடு பக்கம் கவுந்தப்பாடி பேர்போன ஊர். பழனி பஞ்சாமிர்தத்துக்கும் அங்கிருந்துதான் போகிறது. வெல்லமோ சர்க்கரையோ பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் ஹைட்ரோஸ் என்ற வெளுப்பு ரசாயனம் போட்டிருப்பார்கள் என்ற சந்தேகம் வர வேண்டும். பழுப்பாக இருப்பதை எடுங்கள்.

அரிசியைக் கடைசியாக வையுங்கள். கோபிசெட்டிபாளையம் பக்கம் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனத்தில் நெல் விளைகிறது, அங்கே விசாரியுங்கள். ஆசைப்பட்டு மூட்டைக்கணக்கில் வாங்கிவிடாதீர்கள். தீட்டாத அரிசியில் தவிடு இருப்பதால் சீக்கிரம் சிக்குவாடை வரும், வண்டும் பிடிக்கும். ஒரு மாதத்துக்கு ஆகிற அளவு போதும், டப்பாவில் இரண்டு துண்டு வசம்பு போட்டு வையுங்கள்.

அப்புறம், ஊருக்குப் போகிற வாரம் இருந்தால் இரண்டு நாள் முன்னாலேயே கீரைக்காரருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். பிடுங்கிவிட்டால் மதியத்துக்கு மேல் அவரால் அதை யாருக்கும் விற்க முடியாது.