பழைய டிரம் மாட்யூலில் இன்றைய டிரிகர் பேடுகளை இணைக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். அன்றும் இன்றும் பேடுக்குள் இருப்பது பெரும்பாலும் பீசோதான், அதாவது அதிர்வை மின்சாரமாக்கும் சிறு உணரி. அடித்தால் சிறு மின்னழுத்தத் துடிப்பு கிளம்பும், மாட்யூல் அதைக் கேட்டு ஒலி எழுப்பும்.

முதலில் பிளக்கைப் பாருங்கள். 1981இல் வந்த சிம்மன்ஸ் எஸ்டிஎஸ்-5 என்ற பழைய மாட்யூல் எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிள்களில் இருக்கும் வட்டமான, பல பின் கொண்ட பிளக்) இணைப்பு கொண்டது. இன்றைய பேடுகளில் கால் அங்குல ஜாக். மாற்று கேபிள் செய்யும் முன், எந்தப் பின்னில் சிக்னல், எதில் கிரவுண்ட் என்று சர்வீஸ் மேனுவலில் பார்த்துவிடுங்கள். ஊகித்துப் பற்றவைக்க வேண்டாம். இரண்டு மண்டலப் பேடு (நடுவும் விளிம்பும் தனித்தனி சிக்னல் தருவது) என்றால் பொதுவாக டிப்பில், அதாவது பிளக்கின் நுனியில் வரும் நடுப்பகுதி சிக்னல் மட்டும் போதும், மோனோ கேபிளே சரி. சுவிட்ச் மட்டுமே உள்ள பேடுகள் தாமாகத் துடிப்பு தராது, அவற்றை விட்டுவிடுங்கள்.

உண்மையான சிக்கல் அதற்கு அப்புறம்தான். மெஷ் தோல் (வலைத் துணியாலான பேடு மேற்பரப்பு) அடித்தபின்னும் அதிர்ந்துகொண்டே இருக்கும். புதிய மாட்யூல்கள் அந்த மிச்ச அதிர்வை மென்பொருளால் வடிகட்டுகின்றன. பழைய அனலாக் சுற்றில் அந்த வசதி இல்லாததால் ஓர் அடி இரண்டாக ஒலிக்கும். சென்சிடிவிட்டியைக் குறையுங்கள், தோலை இறுக்குங்கள். போதாவிட்டால் பீசோவுக்கு இணையாக ஒரு பொட்டென்ஷியோமீட்டர் (திருகி மின்தடையை மாற்றும் பாகம்) வைத்து, மென்மையான அடியும் கேட்கிற இடத்தில் நிறுத்துங்கள். என்னைக் கேட்டால், பழைய மாட்யூலுக்கு மெஷ்ஷைவிட ரப்பர் பேடுதான் நன்றாகப் பொருந்தும்.