அடுப்படி சந்தேகங்கள்: சுறாப்புட்டு மோமோ உதிர்வது ஏன்?

கேள்வி: என் தோழி நாகப்பட்டினத்தில் வளர்ந்தவள். சின்ன வயதில் சாப்பிட்ட சுறாப்புட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பாள். அவள் பிறந்தநாளுக்காக அதை உள்ளே வைத்து மோமோ செய்து பார்த்தேன். கடித்ததும் புட்டு பொலபொலவென்று கொட்டிவிட்டது. மேல்மாவு ரப்பர் மாதிரி இழுத்தது. எங்கே தப்பு?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: மோமோவுக்குள் வழக்கமாகப் போவது பச்சைக் கொத்துக்கறி. ஆவியில் வேகும்போதுதான் அது இறுகி ஒரே உருண்டையாகிறது. சுறாப்புட்டோ ஏற்கெனவே வெந்து, பிழிந்து, வதங்கிவிட்டது. இனி அது தானாக ஒட்டாது. பச்சையாக ஏதாவது துணைக்கு வேண்டும். 250 கிராம் சுறாவுக்கு, உரித்த இறால் 80 கிராம். கால் டீஸ்பூன் உப்போடு மிக்சியில் விட்டு விட்டு அரைத்தால் பசையாகிவிடும். புட்டு நன்றாக ஆறிய பிறகே இதைப் பிசையுங்கள்; சூட்டில் சேர்த்தால் இறால் அங்கேயே வெந்து, பிடிமானம் போய்விடும். இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒரு முட்டையின் வெள்ளைக்கருவும் ஒரு டீஸ்பூன் அரிசி மாவும் போதும்.

புட்டிலும் சில மாற்றங்கள் தேவை. சோற்றுக்கு என்றால் வெந்த மீனை ஒட்டப் பிழிவோம். இதற்கு லேசாக ஈரம் நிற்கட்டும். 100 கிராம் சின்ன வெங்காயம், 10 பல் பூண்டு, ஒரு அங்குல இஞ்சி, 3 பச்சை மிளகாய் எல்லாமே மிகப் பொடியாக நறுக்கியவை. பெரிய துண்டு மாவைக் கிழித்துவிடும். கறிவேப்பிலையையும் நறுக்கியே போடுங்கள். வதக்க நல்லெண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், கடைசியில் மிளகுத்தூள் ஒரு டீஸ்பூன். இறாலில் உப்பு இருப்பதால் புட்டில் ஒரு சிட்டிகை குறைவாகவே இருக்கட்டும்.

ரப்பர் ஆனதற்குக் காரணம் பச்சைத் தண்ணீர். 200 கிராம் மைதாவுக்கு, கொதித்து இறக்கிய நீர் 110 மில்லி. கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் 6, 7 நிமிடம் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் விடுங்கள். அந்த அரை மணியைத் தவிர்த்தால், தேய்க்கத் தேய்க்க மாவு சுருங்கும், சுருங்கினால் தடிக்கும். 12 கிராம் உருண்டையாக 25 வரும். ஓரம் மெல்லிசாக, நடுவில் கொஞ்சம் தடிமனாக 9 செ.மீ. அகலத்துக்குத் தேய்த்து, 15 கிராம் புட்டு வையுங்கள். எண்ணெய் தடவிய இட்லித் தட்டில் 10 நிமிடம். மூடியில் துணி கட்டாவிட்டால் நீர் சொட்டி மேலெல்லாம் கொழகொழவென்று ஆகிவிடும்.

அந்தப் புட்டை எதோடு சாப்பிட்டாள் என்று தோழியிடம் கேட்டீர்களா? ரசம் சோற்றோடு என்றால், சிவப்புச் சட்னியை மறந்துவிட்டு மிளகு ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுங்கள். பாதி நினைவு அதில்தான் இருக்கும்.

கேள்வி: நண்பருக்கு அவர் வீட்டு வாழைப்பூ பருப்பு உசிலிதான் உயிர். அதை மோமோவாக்க முடியுமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: தாராளமாக. இங்கேயும் அதே சிக்கல்தான்: உதிரும், தொண்டையை அடைக்கும். அரைத்த பருப்பு விழுதில் முக்கால் பங்கை மட்டும் ஆவியில் வேகவைத்து உதிர்த்து, வாழைப்பூவோடு வதக்குங்கள். மீதி கால் பங்கைப் பச்சையாகவே, ஆறிய உசிலியில் பிசையுங்கள். கூடவே ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய். 12 நிமிட ஆவியில் பருப்பு வெந்து எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: கருப்பட்டி, தேங்காய் வைத்தேன். பாகு ஒழுகி, மடிப்பெல்லாம் திறந்துகொண்டது.
– ஒரு வாசகி, மதுரை

பதில்: பூரணம் பதம் வரவில்லை. ஒரு கப் தேங்காய்த் துருவலுக்கு முக்கால் கப் கருப்பட்டி. கரைத்து, மண் போக வடிகட்டி, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும் வரை கிளறி, முழுக்க ஆறவிடுங்கள். மாவின் ஓரத்தில் பூரணம் துளி பட்டாலும் ஒட்டாது. ஒன்று மட்டும்: இதற்கு மைதாவைவிட அரிசி மாவே ருசி. ஆனால் அப்போது அது கொழுக்கட்டை. மோமோ என்று சொன்னால் பாட்டிமார் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்!

கேள்வி: முதல் நாளே செய்து வைக்கலாமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: வேகவைக்காமல், மாவு தூவிய தட்டில் ஒன்றோடொன்று படாமல் அடுக்கி ஃப்ரீசரில் வையுங்கள். கல் மாதிரி ஆனதும் பையில் போட்டுவிடலாம். வெளியே எடுத்து இளக விடாமல் நேராக ஆவிக்குப் போகட்டும், 13 நிமிடம். சாதாரண ஃப்ரிட்ஜ் தட்டில் வைத்தால் உள்ளீட்டின் ஈரம் ஊறி, காலையில் அடிப்பக்கம் தட்டோடு ஒட்டியிருக்கும்.