ஜாம்பி வந்தால் எந்தப் பையை எடுப்பது?

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. ஜாம்பி படங்களைப் பார்த்துவிட்டு, "ஜாம்பி வந்தா நாம என்ன எடுத்துட்டு எங்கம்மா ஓடுறது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். அவனே ஒரு பட்டியலும் எழுதி வைத்திருக்கிறான்: கிரிக்கெட் மட்டை, கத்தி, கயிறு, டார்ச், நூடுல்ஸ். நாங்கள் சென்னையை அடுத்த முடிச்சூரில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டில் ஐந்து பேர், ஒரு நாய். மாமியார் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். சின்னவளுக்கு இரண்டு வயது. கணவருக்குச் சில வாரங்கள் இரவு ஷிப்ட். இதை விளையாட்டாக விட்டுவிடலாமா, நிஜமாகவே ஒரு பை தயார் செய்ய வேண்டுமா?

பதில்: தயார் செய்யுங்கள். மகனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள். அவன் கேட்கும் கேள்வியை ஓர் அரசாங்கமே கேட்டிருக்கிறது. 2011 மே மாதம் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு மையம், ஜாம்பி படையெடுப்புக்கு எப்படித் தயாராவது என்று ஒரு கட்டுரை வெளியிட்டது. எழுதியவர் அங்கே அவசரகால ஆயத்தப் பிரிவுக்குத் தலைவராக இருந்த மருத்துவர் அலி கான். படிக்க வந்த கூட்டத்தில் இணையதளமே முடங்கிப்போனது. அவர் சொன்னது எளிமையானது: ஜாம்பிக்குத் தயாராக இருக்கும் குடும்பம் புயலுக்கும் நிலநடுக்கத்துக்கும் கொள்ளை நோய்க்கும் தயாராக இருக்கும்.

அந்தப் படங்களில் ஜாம்பியைக் கழித்துவிட்டு மீதி என்ன நடக்கிறது என்று பாருங்கள். கரண்ட் போகிறது. போன் வேலை செய்வதில்லை. கடைகள் திறப்பதில்லை. தண்ணீரை நம்ப முடிவதில்லை. வீட்டு மனிதர்கள் ஆளுக்கொரு பக்கம் மாட்டிக்கொள்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் உங்கள் பகுதியே இதையெல்லாம் பார்த்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையும், இரண்டு வாரம் கழித்துத் தூத்துக்குடி மாவட்டமும் பார்த்தன. அப்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. அந்தப் பெட்டிகளில் இருந்தவர்களுக்குக் கிரிக்கெட் மட்டை தேவைப்படவில்லை. தேவைப்பட்டவை குடிதண்ணீர், குழந்தைக்குப் பால், தினசரி மாத்திரை.

அதனால் பட்டியலைப் பொருளிலிருந்து தொடங்க வேண்டாம், ஆளிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் யார் மிகவும் பலவீனமானவரோ அவருடைய தேவை முதலில் பைக்குள் போகட்டும். உங்கள் வீட்டில் அது மாமியார்.

இன்சுலினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கரண்ட் போனதும் பலர் பதறிப்போய்ச் செய்யும் காரியம் அதைக் கெடுத்துவிடுகிறது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் குப்பியோ பேனாவோ அறை வெப்பத்தில் பெரும்பாலும் நான்கு வாரம் வரை தாங்கும். உங்கள் வகைக்கு எத்தனை நாள், எத்தனை டிகிரி வரை என்பது பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சிட்டிருக்கும், இன்றே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ் நின்றுவிட்டதே என்று ஐஸ் கட்டிக்கு நடுவில் புதைக்காதீர்கள். உறைந்துபோன இன்சுலின் உருகினாலும் பயன்படாது. ஐஸ் இருந்தால், இன்சுலினைத் துணியில் சுற்றி, ஐஸ் நேராகப் படாதபடி ஒரு டப்பாவில் வையுங்கள். ஐஸ் இல்லாவிட்டால் மண்பானை போதும்: பெரிய சட்டியில் ஈர மணல், அதன் நடுவே சின்னப் பானை, அதற்குள் பாலித்தீன் உறையில் இன்சுலின், மேலே ஈரத்துணி. கோடைப் புயலில் இது நன்றாகவே கைகொடுக்கும். மழைக்காலக் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் குளிர்ச்சி குறைவாகத்தான் கிடைக்கும், ஆனால் அப்போது வெயிலின் சூடும் இல்லை.

அதோடு ஊசிகள், சர்க்கரை பார்க்கும் கருவி, அதன் ஸ்ட்ரிப், மாற்று பேட்டரி, மருந்துச் சீட்டின் நகல். இரண்டு வாரத்துக்கான மருந்து எப்போதும் கூடுதலாக இருக்கட்டும். பழைய அட்டையை எடுத்துப் பயன்படுத்திவிட்டுப் புதியதை உள்ளே வைத்துக்கொண்டே வந்தால் எதுவும் காலாவதி ஆகாது. சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்காத நாட்களில் சர்க்கரை ஏறுவதைவிடத் திடீரென்று இறங்குவதுதான் பெரிய ஆபத்து. வியர்வை, கை நடுக்கம், குழறும் பேச்சு தெரிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. சாப்பாடு குறையும்போது எத்தனை யூனிட் போடுவது என்பதை மழைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு, அந்தக் காகிதத்தையும் பையில் வையுங்கள்.

அடுத்து சின்னவள். டயப்பர், பால் பவுடர், ஒரு ஸ்பூன், காய்ச்சல் மருந்து (அவள் எடைக்கு எத்தனை மில்லி என்று பாட்டில் மேலேயே எழுதி ஒட்டுங்கள்), ஓஆர்எஸ் (வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கலவை) பொட்டலங்கள். ஓஆர்எஸ் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இந்த அளவை மகன் மனப்பாடம் செய்யட்டும். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. அவள் கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மை எதுவோ அதற்கும் பையில் இடம் கொடுங்கள். முகாமில் முதல் இரவு குழந்தை தூங்கினால்தான் பெரியவர்களும் கண்ணயர முடியும். நிலைமை மோசமாகும் நாளில் அவள் கையில் உங்கள் போன் நம்பரை அழியாத மையால் எழுதிவிடுங்கள்.

தண்ணீர்க் கணக்கு சுலபம். குடிக்கவும் சமைக்கவும் வாய் கொப்பளிக்கவும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்று வையுங்கள். ஐந்து பேர், மூன்று நாள்: 60 லிட்டர். அதாவது இருபது லிட்டர் கேன் மூன்று. நாய்க்குத் தனியாக. ஆனால் இதை யாரும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. இங்கேதான் படம் பார்த்து எழுதும் பட்டியல்கள் எல்லாம் தடுமாறுகின்றன. வீட்டிலேயே தங்குவதற்கான சேமிப்பு வேறு, வெளியேறும்போது எடுக்கும் பை வேறு. கேன், அரிசி, அடுப்பு எல்லாம் முதல் வகை. பையில் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் குளோரின் மாத்திரையும் போதும். மாத்திரை எத்தனை லிட்டருக்கு ஒன்று என்று அட்டையில் இருக்கும். கலந்து அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். அடுப்பு இருந்தால் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விட்டாலே கிருமிகள் சாகும். சாக்கடை கலந்த தெருத் தண்ணீரை எந்த வழியிலும் சுத்தமாக்க முயல வேண்டாம், அதில் கலந்திருக்கும் எண்ணெயும் ரசாயனமும் கொதித்தாலும் போகாது.

சாப்பாட்டுக்கு நம் ஊர்ப் பலசரக்குக் கடையே போதும். நூடுல்ஸுக்கு அடுப்பும் தண்ணீரும் வேண்டும், அதை எடுத்துவிடுங்கள். அவல், பொட்டுக்கடலை, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், ரஸ்க், சத்துமாவு.

இப்போது முக்கியமான முடிவு: இருப்பதா, கிளம்புவதா? தரைத்தளத்தில் இருக்கும் உங்களுக்கு என் பதில் ஒன்றுதான். கிளம்புங்கள், சீக்கிரம் கிளம்புங்கள். மாடி வீட்டுக்காரரிடம் இன்றைக்கே பேசி வையுங்கள், "மழை பெரிதானால் நாங்கள் மேலே வந்துவிடுவோம்" என்று. எப்போது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். உதாரணமாக, சிவப்பு எச்சரிக்கை வந்த அன்று மாலையே மாமியாரையும் குழந்தையையும் மேலே அல்லது உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுவது. வாசல் படியில் ஒரு கோடு போட்டு, தண்ணீர் அதைத் தொட்டால் மற்றவர்களும் கிளம்புவது. "இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம்" என்ற வாதத்துக்கு இடமே இருக்கக் கூடாது. நள்ளிரவில் இடுப்பளவு தண்ணீரில் வயதானவரைத் தூக்கிச் செல்வதைவிட, வராத வெள்ளத்துக்காக ஒரு ராத்திரி மாடியில் படுத்துவிட்டு இறங்குவது எவ்வளவோ மேல்.

ஓடும் தண்ணீரின் பலத்தைப் பலரும் குறைத்து எடைபோடுகிறார்கள். பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்தில் வேகமாக ஓடும் தண்ணீர் பெரிய ஆளையே கீழே தள்ளும். முப்பது சென்டிமீட்டர் இருந்தால் சின்னக் காரை இழுத்துப்போகும். மூடி இல்லாத பாதாளச் சாக்கடையும் மழைநீர் வடிகாலும் கண்ணுக்குத் தெரியாது. நடக்கத்தான் வேண்டும் என்றால் நீளமான கம்பால் முன்னால் தட்டிப் பார்த்து, ஒருவர் பின் ஒருவராகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடங்கள். உங்கள் மகன் எழுதிய கயிறு இங்கே உதவும். கிளம்பும் முன் மெயின் சுவிட்சையும் சிலிண்டர் ரெகுலேட்டரையும் அணையுங்கள். தண்ணீர் ஏற்கெனவே பிளக் பாயின்ட்டைத் தொட்டுவிட்டால் மெயினை நெருங்க வேண்டாம்.

கணவர் இரவு ஷிப்டில் இருக்கும்போது இது நடந்தால்? சந்திக்கும் இடங்கள் இரண்டை முடிவு செய்யுங்கள்: ஒன்று தெருவுக்குள்ளேயே, மற்றொன்று பகுதிக்கு வெளியே மேடான இடத்தில். தகவல் மையமாக வெளியூரில் ஓர் உறவினர் இருக்கட்டும், திருச்சியிலோ கோவையிலோ. சென்னைக்குள் ஒருவரை ஒருவர் கூப்பிட முடியாதபோதும் வெளியூருக்கு லைன் கிடைக்க வாய்ப்புண்டு. எல்லோரும் அந்த ஒருவருக்கே எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அழைப்பு போகாத இடத்திலும் எஸ்எம்எஸ் பல நேரம் போய்ச் சேரும். நம்பர்களைக் காகிதத்தில் எழுதி லேமினேட் செய்து பையில் போடுங்கள், இரண்டு நம்பராவது மகனுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். அதே காகிதத்தில் 112, ஆம்புலன்ஸுக்கு 108, மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077.

ஜாம்பி கதைகளில் எல்லோரும் பயப்படுவது கடிக்கு. நிஜ வெள்ளத்திலும் கடி உண்டு. காய்ந்த இடம் தேடி மனிதர்களும் நாய்களும் பாம்புகளும் ஒரே மேட்டில் ஏறுகிறோம். நாய் கடித்தால், கீறினால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றைக்கே தடுப்பூசி தொடங்க வேண்டும். அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் முறையில் 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28 என்று நான்கு நாட்கள். ரத்தம் வந்த காயத்துக்கு, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் (உடனடிப் பாதுகாப்பு தரும் ஊசி மருந்து) வேண்டுமா என்று கேளுங்கள். ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம், ஆனால் நேரத்தில் சிகிச்சை எடுத்தால் தடுத்துவிடலாம். உங்கள் நாய்க்கு ஊசி போட்ட அட்டையும் கழுத்துச் சங்கிலியும் பையில் இருக்கட்டும், மேலே வரும்போது அதையும் அழைத்து வாருங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போட வேண்டாம், கீற வேண்டாம், வாயால் உறிஞ்ச வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து மருத்துவமனைக்குப் போவது ஒன்றே வழி. பாம்பைப் பிடித்துக் காட்டவும் தேவையில்லை. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான்.

ஆவணங்கள் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ரேஷன் கார்டு, ஆதார், வாடகை ஒப்பந்தம், இன்சூரன்ஸ், மாமியாரின் மருத்துவக் கோப்பு ஆகியவை ஜிப் கவரில். நகல் டிஜிலாக்கரிலும் (அரசின் இணைய ஆவணப் பெட்டகம்) வெளியூர் உறவினரிடமும். கொஞ்சம் பணம் நூறு, ஐம்பது ரூபாய்த் தாள்களாக, கரண்ட் இல்லாத ஊரில் யுபிஐ ஓடாது. நெற்றியில் மாட்டும் டார்ச், பவர் பேங்க், விசில், சின்னக் கத்தி, நாப்கின், ஆளுக்கு ஒரு மாற்றுடை. மட்டை வீட்டிலேயே இருக்கட்டும்.

வடிந்த பிறகு திரும்பும்போது, சம்ப்பை (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியை) காலி செய்து கழுவிக் குளோரின் போடாமல் மோட்டாரைப் போடாதீர்கள். காலில் வெட்டுக்காயத்தோடு சேற்றில் இறங்கியவருக்குக் காய்ச்சலும் கடுமையான தசைவலியும் வந்தால் எலிக்காய்ச்சலா என்று மருத்துவரிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பையை ஆண்டுக்கு இரண்டு முறை பிரிக்க வேண்டும், சித்திரையில் ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன் புரட்டாசியில் ஒரு தடவை. இந்தப் பொறுப்பை மகனிடமே கொடுங்கள். மருந்துத் தேதி, பேட்டரி, பவர் பேங்க் சார்ஜ், தண்ணீர், பால் பவுடர் என்று அவன் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து டிக் அடிக்கட்டும். தங்கையின் மாற்றுடையை எடுத்து அவள்மேல் வைத்துப் பார்க்கவும் சொல்லுங்கள், அந்த வயதில் ஆறு மாதத்தில் சட்டை அளவு மாறிவிடும்.