‘அசல் சாமுராய் வாள்’ 18,000 ரூபாய்க்குக் கிடைக்குமா?

கேள்வி: சாமுராய் வரலாற்றில் எனக்கு நெடுநாள் ஆர்வம். இணையத்தில் ஒருவர் ‘அசல் ஜப்பானியக் கட்டானா, ஆயிரம் முறை மடித்து அடித்தது, மாசமுனே பெயர் பொறித்தது, சான்றிதழ் உண்டு’ என்று 18,000 ரூபாய்க்கு விற்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த விளம்பரத்தில் நம்பும்படி எதுவும் இல்லை.

முதலில் விலை. ஜப்பானில் உரிமம் பெற்ற கொல்லர்கள் மட்டுமே வாள் செய்யலாம். உரிமத்துக்கு முன் பல ஆண்டுகள் குருவிடம் பயில வேண்டும். உரிமம் கிடைத்த பிறகும் மாதத்துக்கு இரண்டு நீளவாளுக்கு மேல் செய்ய அனுமதி இல்லை. அவர்கள் பயன்படுத்தும் தமஹாகனே எஃகு, ஷிமானே மாநிலத்தில் இரும்பு மணலையும் கரியையும் மூன்று நாள் இரவு பகலாக உலையில் எரித்து எடுப்பது. அப்புறம் மெருகு போடுபவர், உறை செய்பவர் என்று தனித்தனிக் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். இத்தனை பேர் உழைப்பில் வரும் புது வாள் பல லட்சம் ரூபாய்க்குக் குறைந்து கிடைக்காது.

‘ஆயிரம் முறை மடித்தது’ என்பது தவறு. பொதுவாகப் பத்துப் பதினைந்து முறைதான் மடிப்பார்கள். 15 முறை மடித்தாலே 32,768 அடுக்குகள் வந்துவிடும். அதற்கு மேல் போனால் எஃகில் உள்ள கார்பன்தான் வீணாகும்.

மாசமுனே 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சாகமி பகுதியில் வாழ்ந்த கொல்லர். அவருடையவை என்று ஏற்கப்பட்ட வாள்களில் பல ஜப்பானின் தேசியப் பொக்கிஷங்கள். அவர் கையொப்பம் உள்ளவை மிக மிக அரிது. ஆகவே அந்தப் பெயர் பளிச்சென்று பொறித்திருந்தால் அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கொல்லர்களின் பெயரைப் போலியாகப் பொறிப்பது ஜப்பானிலேயே பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் விஷயம்.

சான்றிதழைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பலர் ஏமாறுவது இங்கேதான். ஜப்பானில் இருக்கும் ஒவ்வொரு அசல் வாளுக்கும் ‘தொரோகுஷோ’ என்ற பதிவுச் சீட்டு இருக்க வேண்டும். மாநிலக் கல்வி வாரியம் தருவது அது. வாளின் நீளம், வளைவு, பிடி ஆணிக்கான துளைகளின் எண்ணிக்கை, பொறிப்பு எல்லாம் அதில் இருக்கும். ஆனால் பொறித்த பெயர் உண்மையானதுதானா என்று அது சொல்லாது. அதைச் சொல்வது 1948இல் தொடங்கிய ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கத்தின் மதிப்பீட்டுத் தாள் போன்றவை. விற்பவரே அச்சடித்துத் தரும் ‘சான்றிதழ்’ இந்த இரண்டில் எதுவும் ஆகாது.

இன்னொன்று, அலங்காரத்துக்கென்று விற்கும் மலிவு வாள்கள் பலவற்றில் பிடிக்குள் ஒரு மெல்லிய கம்பியைத்தான் பற்றவைத்திருப்பார்கள். வீசினால் கத்தி கழன்று பறக்கும். அசல் வாளில் கத்தியின் அடிப்பகுதியே பிடிக்குள் நீண்டு போய் மூங்கில் ஆணியில் நிற்கும். மதிப்பிடுபவர்கள் பிடியைக் கழற்றி முதலில் பார்ப்பது அந்த அடிப்பகுதியின் துருவையும் அரத்தின் கோடுகளையும்தான். பிடியைக் கழற்றிப் படம் அனுப்ப மறுக்கும் விற்பனையாளரிடம் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: சரி, ஜப்பான் போகும்போது நேரிலேயே வாங்கி வரலாமா?

பதில்: ஜப்பானை விட்டு வெளியே கொண்டுபோக அங்குள்ள கலாச்சார விவகார முகமையின் சான்று வேண்டும். இந்தியாவுக்குள் கொண்டுவர, 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளாமல் பணம் கட்டாதீர்கள்.

என்னைக் கேட்டால், முதலில் தோக்கியோ ரியோகோகுவில் உள்ள வாள் அருங்காட்சியகத்தில் ஒரு பகல் செலவிடுங்கள். வாங்கியே தீர வேண்டும் என்றால் பழைய ‘சுபா’ ஒன்று வாங்கலாம். வாளின் கைக்காப்புத் தகடு அது. பதிவுச் சீட்டு கத்திக்குத்தான், இதற்குத் தேவையில்லை. சிறு தகட்டில் கொக்கும் அலையும் பைன் மரமும் செதுக்கிய அந்த வேலைப்பாடு அபாரமானது.

அதுவும் வேண்டாம் என்றால் கிஃபு மாநிலத்தின் செகி நகரத்துச் சமையல் கத்தி இருக்கிறது. 1876இல் பொதுவெளியில் வாள் அணிவது தடை செய்யப்பட்டபோது பிழைப்பை இழந்த வாள் கொல்லர்கள் பலர் வீட்டுக் கத்திகளுக்கு மாறினார்கள். செகியின் இன்றைய கத்தித் தொழிலுக்கு வேர் அங்கே இருக்கிறது. விமானத்தில் கைப்பையில் வைக்காமல், பதிவுசெய்து அனுப்பும் பெட்டியில் வையுங்கள்.