வாசகர் கேள்வி, என் பதில்: மேத்யூ கேரியின் ரசீதுக் கட்டுகள்

கேள்வி: பிலடெல்பியா பதிப்பாளர் மேத்யூ கேரியின் பழைய தாள்களைப் படிக்கப் போனதாகச் சென்ற இதழில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். யார் அவர்? ஒரு புத்தக வியாபாரியின் பில்லையும் ரசீதையும் இருநூறு வருடம் கட்டிக் காக்க அதில் அப்படி என்ன இருக்கிறது?

கேரி 1760-ல் டப்ளினில் பிறந்தவர். அயர்லாந்துக் கத்தோலிக்கர்களுக்காக இளம் வயதிலேயே எழுதப்போய் வம்பில் மாட்டினார். பிரான்சுக்கு ஓடி, பாரிஸை ஒட்டிய பாஸியில் பெஞ்சமின் பிராங்க்ளின் வைத்திருந்த அச்சகத்தில் கொஞ்சநாள் வேலை பார்த்தார். ஊர் திரும்பிப் பத்திரிகை நடத்தியதில் சிறைவாசம். 1784-ல் கப்பலேறிப் பிலடெல்பியா வந்து சேர்ந்தவருக்கு, அமெரிக்கச் சுதந்திரப் போரில் சண்டையிட்ட பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட் 400 டாலர் கொடுத்து உதவினார். அந்தப் பணத்தில்தான் பத்திரிகைத் தொழில் தொடங்கியது. 1824-ல் லஃபாயெட் மறுபடி அமெரிக்கா வந்தபோது கேரி அந்த 400 டாலரைத் திருப்பிக் கொடுத்தார்.

நெஞ்சைத் தொடுகிற கதைதான். ஆனால் என்னை நாள்கணக்கில் நாற்காலியில் உட்காரவைத்தது அது இல்லை, ரசீதுகள். காகிதம் செய்தவர், அச்சடித்தவர், பைண்டிங் செய்தவர், எழுத்து வார்த்தவர் என்று ஒவ்வொருவரும் அனுப்பிய பில், பணம் பெற்றதும் போட்ட கையெழுத்து. புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஆசிரியர் பெயர் இருக்கும், பதிப்பாளர் பெயர் இருக்கும். தோலைச் சீவி அட்டை கட்டியவர் பெயர் அங்கே வராது. அந்த மனிதர் இந்த உலகத்தில் இருந்தார் என்பதற்குச் சில நேரம் அவர் கொடுத்த ரசீதைத் தவிர வேறு சாட்சியே இல்லை. அதைக் கையில் எடுக்கும்போது எனக்கு இன்னமும் விரல் தயங்கும்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்தில் ஒரு பாரம் (ஒரே தடவையில் அச்சடிக்கும் பக்கங்களின் தொகுப்பு) அச்சானதும் கோத்த ஈய எழுத்துகளைக் கலைத்து எழுத்துப் பெட்டியின் அறைகளில் போட்டுவிடுவார்கள். அடுத்த பாரத்துக்கு அதே எழுத்து வேண்டுமே! கேரியோ 1800-களின் தொடக்கத்தில் முழு பைபிளுக்கும் கோத்த எழுத்தைக் கலைக்காமல் அப்படியே நிறுத்தி வைத்தார். எழுத்து வாங்கிய பணம் மொத்தமும் அதில் முடங்கிக் கிடக்கும். ஆனால் ஆர்டர் வரும்போதெல்லாம் புதிதாகக் கோக்காமல் வேண்டிய அளவு மட்டும் அச்சடித்துக்கொள்ளலாம். விற்காத பிரதிகள் கிடங்கில் குவியாது. அவர் எவ்வளவு பெரிய துணிச்சலில் இறங்கினார் என்பது பைபிளைப் புரட்டினால் தெரியாது. கணக்கைப் புரட்டினால்தான் தெரியும்.

கேள்வி: கடிதங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவை?

சந்தேகமே இல்லாமல் மேசன் லாக் வீம்ஸ் எழுதியவை. அவர் ஒரு பாதிரியார். கேரிக்காக வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு தென்மாநிலங்களில் ஊர் ஊராக அலைந்து விற்றவர். ஏறத்தாழ 30 வருட உறவு. அதில் பாதி சண்டை. 'நான் கேட்டது ஒன்று, நீங்கள் அனுப்பியது ஒன்று, இதை இங்கே யார் வாங்குவார்கள்?' என்பது வீம்ஸின் ஓயாத புலம்பல். 'கணக்கு எங்கே, பணம் எங்கே?' என்பது கேரியின் புலம்பல். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். தலைமை அலுவலகத்துக்கு அச்சுச் செலவு தெரியும். தெருவில் நிற்பவனுக்கு வாங்குபவன் முகம் தெரியும்.

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் 1799 டிசம்பரில் இறந்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, 1800 ஜனவரியில் வீம்ஸ் கேரிக்கு எழுதுகிறார்: வாஷிங்டன் போய்விட்டார், அவரைப் பற்றிப் படிக்க லட்சக்கணக்கானோர் வாய் பிளந்து காத்திருக்கிறார்கள், நான் கிட்டத்தட்டத் தயார் என்று. துக்கமும் வியாபாரமும் ஒரே மூச்சில்! சிறுவன் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் உண்மையைச் சொன்ன கதையைக் கேட்டிருப்பீர்கள். அது வீம்ஸ் அப்போது எழுதிய வாழ்க்கை வரலாற்றில் பிறகு, 1806 பதிப்பில் சேர்ந்தது. நடந்ததற்கு ஆதாரம் கிடையாது. ஒரு தேசமே நம்பிய கதை ஒரு புத்தக விற்பனையாளரின் பேனாவிலிருந்து வந்தது என்பதை அந்தக் கடிதங்களைப் படித்த பிறகுதான் நான் முழுதாக உணர்ந்தேன்.

கேள்வி: 1790-களின் பிலடெல்பியா பில் ஒன்றின் படத்தைப் பார்த்தேன். தொகை பவுண்டு, ஷில்லிங்கில் இருக்கிறது. சுதந்திரம் வாங்கிய பிறகும் இங்கிலாந்துப் பணமா?

இங்கிலாந்துப் பணம் இல்லை. பிலடெல்பியா இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் கணக்கு எழுதப் பயன்பட்ட சொந்தப் பவுண்டு. இந்த இடத்தில் பலர் வழுக்குகிறார்கள்; நானும் ஸ்டெர்லிங், அதாவது இங்கிலாந்துப் பவுண்டு, என்று எண்ணி ஒரு நோட்டு முழுக்கக் குறிப்பெடுத்து, பிறகு எல்லாவற்றையும் திருத்தி எழுதினேன். டாலரை நாணயமாக்கிய சட்டம் 1792-ல் வந்தது. ஆனாலும் கடைக்காரர்கள் பழைய பழக்கத்தை உடனே விடவில்லை. பென்சில்வேனியாவில் ஒரு டாலருக்கு 7 ஷில்லிங் 6 பென்ஸ், நியூயார்க்கில் 8 ஷில்லிங், மாசசூசெட்ஸிலும் வர்ஜீனியாவிலும் 6 ஷில்லிங். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். ஆக 3 பவுண்டு என்று எழுதியிருந்தால் பிலடெல்பியாவில் அது 8 டாலர், மாசசூசெட்ஸின் பாஸ்டனில் 10 டாலர், நியூயார்க்கில் ஏழரை டாலர். பல ஊர்களோடு வியாபாரம் செய்த கேரி போன்றவரின் தாளில், தொகையைப் பார்க்கும் முன் பில் எந்த ஊரில் எழுதப்பட்டது என்று பாருங்கள்.

கேள்வி: நீங்கள் அவரை மிகவும் உயர்த்திப் பேசுவதாகத் தோன்றுகிறது. அவரிடம் குறையே இல்லையா?

இருந்தது. பெரிய குறை. 1793-ல் பிலடெல்பியாவை மஞ்சள் காய்ச்சல் சூறையாடி, சுமார் 5,000 பேர் இறந்தார்கள். கேரி சுடச்சுட ஒரு நூல் எழுதி வெளியிட்டார். பல பதிப்புகள் ஓடியது. அதில், நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட கறுப்பினத்தவரில் சிலர் அநியாயக் கூலி வாங்கினார்கள், திருடினார்கள் என்று எழுதினார். உயிரைப் பணயம் வைத்துப் பிணங்களைச் சுமந்தவர்கள் அவர்கள். அவர்களை வழிநடத்திய அப்சலோம் ஜோன்ஸும் ரிச்சர்ட் ஆலனும் 1794-ல் தங்கள் வரவு செலவுக் கணக்கோடு ஒரு பதில் நூல் வெளியிட்டார்கள். கணக்கையே தொழிலாகக் கொண்ட மனிதருக்குக் கணக்காலேயே பதில் சொன்னார்கள்! அந்தப் பழியை எழுதியதற்கு என்னால் சமாதானம் சொல்ல முடியாது. வயதான காலத்தில் அதே கேரி, பிலடெல்பியாவின் ஏழைத் தையல் பெண்களுக்குக் கொடுக்கப்படும் கூலி வயிற்றுக்குக்கூடப் போதாது என்று விடாமல் எழுதினார். இரண்டும் ஒரே கை எழுதியவை.

கேள்வி: அந்தத் தாள்கள் எங்கே இருக்கின்றன? நேரில் போய்ப் பார்க்க முடியுமா?

ஒரே இடத்தில் இல்லை. ரசீதுகளும் கணக்குகளும் மாசசூசெட்ஸின் வூஸ்டரில், அச்சுத் தொழிலதிபர் ஐசயா தாமஸ் 1812-ல் தொடங்கிய அமெரிக்கன் ஆன்டிகுவேரியன் சொசைட்டி என்ற ஆய்வு நூலகத்தில். கடிதங்கள் பெருமளவு பிலடெல்பியாவில், பென்சில்வேனியா வரலாற்றுச் சங்கத்தில். அங்கே 'லீ அண்ட் ஃபெபிகர்' என்ற பெயரில் தேடுங்கள். கேரியின் மகனும் மருமகன் ஐசக் லீயும் எடுத்து நடத்திய நிறுவனம் பின்னால் அந்தப் பெயருக்கு மாறியது. வந்த கடிதம் ஒரு பெட்டியிலும், இவர் அனுப்பியதன் நகல் வேறொரு நகல் புத்தகத்திலும் இருக்கும். தேதி வைத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் படியுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் படித்தால் வீம்ஸ் பொய்யர் போலவோ கேரி கஞ்சர் போலவோ தோன்றிவிடும். பென்சில் மட்டும் கொண்டுபோங்கள். பேனாவை உள்ளே விடமாட்டார்கள்.