செம்புல் ஏன் பச்சையாகிறது?

கேள்வி: நர்சரியில் கருஞ்சிவப்பாக இருந்த ஃபவுண்டன் புல் என்ற அலங்காரப் புல்லை மாமரத்தடியில் வைத்தேன். இப்போது பச்சையாகிச் சாய்கிறது. உரம் போடலாமா?
- வாசகி, கோவை

பதில்: உரம் வேண்டாம்மா, போட்டால் இன்னும் சாயும். காரணம் வெயில் போதாததுதான். அந்தச் சிவப்பு ஆந்தோசயனின் என்ற நிறமி; நல்ல வெயில் பட்டால்தான் தூக்கலாகத் தெரியும். தினமும் 6 மணி நேரமாவது வெயில் விழும் இடத்துக்கு மாற்றுங்கள். முதலில் ஒரு சாண் உயரம் விட்டு வெட்டிவிடுங்கள், புதுத் தளிர் சிவந்து வரும். தூரைத் தோண்டியதும் கத்தியால் பிளந்து, வேருள்ள ஓரத் துண்டுகளை மட்டும் நடுங்கள். நடுவில் காய்ந்து கட்டைபோல் இருப்பது குப்பைக்குத்தான். என் மாடித் தொட்டியில் இருப்பதைப் பார்ப்பவர்கள் "நாணலா சார்?" என்று கேட்டு, விதையும் கேட்பார்கள். கதிர் என்னதான் ஆடினாலும் இந்தச் சிவப்பு ரகம் பெரும்பாலும் விதை கட்டாது. அப்புறம், தண்ணீர் மட்டும் தேங்க விடாதீர்கள், தூர் அழுகிவிடும்.